உண்டபின் சொல்லும் நன்றி: யூதரின் மேசைச் செபமும் நம் வீட்டு மேசையும்



வீட்டு மேசையில் சொல்வதற்கென்று ஒரு சிறிய செப ஏடு வேண்டும் என வெக்ஸ்போர்ட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் சில கேட்டு வருகின்றன. ஆனால் எல்லாரும் கேட்பது ஒரே ஏட்டை அன்று. ஊரில் சொன்ன செபத்தை ஒரு சொல்லும் மாறாமல் அச்சிட வேண்டும் என்பது பெரியவர்களின் விருப்பம். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக அதே செபத்தை ஆங்கில எழுத்தில் தரவேண்டும் என்பது பெற்றோர் பலரின் வேண்டுகோள். ஆங்கிலத்திலேயே சொன்னால் கடவுளுக்குக் கேளாதா என்பது இளையோரின் கேள்வி. இரவுப் பணிக்கும் பகல் பணிக்கும் இடையில் ஒன்றாக அமர்வதே அரிதான வீட்டில் இந்த ஏடு யாருக்கு என்று வருந்திக் கேட்டவர்களும் உண்டு.

இவற்றுக்கு மறுமொழி கூறுமுன், இதே கேள்விகளை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தம் மேசைகளில் கேட்டு வந்த ஒரு மக்களின் வரலாற்றை உங்களோடு பகிர விரும்புகிறேன்.

நம் லோரன்ஸ் வீதி, இடையில் ஓரிடத்தில் அறுபட்டாலும், மேற்கே நகரைக் கடந்து சென்று பதர்ஸ்ட் வீதியைச் சந்திக்கிறது. விக்டோரியா பார்க் வீதிக்குக் கிழக்கே, நம் பகுதியில், லெபனானியரும் சிரியரும் தமிழரும் பிலிப்பினோ மக்களும் அருகருகே உணவகம் நடத்துகின்றனர். அதே வீதியின் மேற்குப் பகுதியில், பதர்ஸ்ட் வீதி நெடுகிலும், ரொறன்ரோ வாழ் யூதர்களின் தொழுகைக்கூடங்களும் பள்ளிகளும் வெதுப்பகங்களும் அமைந்துள்ளன. அவர்களின் வீடுகளில், உணவு மேசைக்கு அருகே, உள்ளங்கை அளவிலான சிறு ஏடுகளின் கட்டு ஒன்று இருப்பது வழக்கம். பல ஏடுகளின் அட்டையில் ஒரு மணமகன், மணமகள் பெயரும் அவர்களின் திருமண நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். திருமண விருந்துக்கு வந்தோர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நினைவுப்பொருள் அது. கிழக்கு ஐரோப்பிய யூதரின் பேச்சுமொழியாகிய இத்திஷில் அதற்குப் 'பெஞ்ச்சர்' என்று பெயர். அம்மொழியில் 'ஆசி கூறுதல்' எனப் பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. அவ்வினைச்சொல்லோ நம் திருச்சபையின் இலத்தீன் மொழியில் உள்ள 'பெனெதிச்செரே' என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. இரு சமயங்களும் மோதிக்கொண்ட நூற்றாண்டுகளிலும் ஒரே சொல் இரண்டு மேசைகளிலும் இருந்திருக்கிறது.

அந்த ஏட்டின் மையத்தில் இருப்பது 'பிர்கத் ஹமாஸோன்' எனப்படும் நன்றிச்செபம். அது உணவுக்கு முன் சொல்லப்படுவதன்று. உண்டு முடித்தபின் சொல்லப்படுவது. உண்ணுமுன், நிலத்திலிருந்து அப்பத்தை வருவிக்கும் இறைவனைப் போற்றும் ஒரே ஒரு வரி மட்டும் உண்டு. நீண்ட செபம் வயிறு நிறைந்த பின்னரே. இணைச்சட்டம் எட்டாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில், உண்டு நிறைவுற்றபின் ஆண்டவர் தந்த நல்ல நாட்டிற்காக அவரைப் போற்றவேண்டும் என்னும் கட்டளை உள்ளது. அதைத் தொடரும் வசனங்கள் காரணத்தையும் கூறுகின்றன. உண்டு நிறைந்து, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறியபின், மனிதன் தன் இறைவனை மறந்துவிடக்கூடும். பசித்தவன் தானாகவே கடவுளைக் கூப்பிடுவான். நிறைந்தவனுக்கே நினைவூட்டல் தேவை. ஸ்காபரோவில் வீடு வாங்கி, வங்கிக் கடனையும் தீர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தியன்று.

இச்செபத்தில் நான்கு போற்றுரைகள் உள்ளன. அவை எப்போது தோன்றின என்பதை யூத மரபின் பெருநூலாகிய தல்மூது சொல்கிறது. முதலாவது, உலகுக்கெல்லாம் உணவளிப்பவரைப் போற்றுவது. பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது மோசே ஏற்படுத்தியது. இரண்டாவது, நாட்டிற்காக நன்றி கூறுவது. வாக்களிக்கப்பட்ட நாட்டினுள் நுழைந்தபோது யோசுவா ஏற்படுத்தியது. மூன்றாவது, எருசலேமுக்காக மன்றாடுவது. தாவீதும் சாலமோனும் ஏற்படுத்தியது. இவற்றை வரலாற்று ஆசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் மரபு சொல்ல விரும்புவது தெளிவு: இச்செபம் ஒரே நாளில் எழுதப்பட்டதன்று; மக்கள் கடந்துவந்த ஒவ்வொரு கட்டத்திலும் மேசையில் ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது.

நான்காவது போற்றுரையின் வரலாறுதான் நம் உள்ளத்தைத் தொடும். உரோமைப் பேரரசுக்கு எதிராகப் பார் கொக்பா என்பவர் தலைமையில் எழுந்த கிளர்ச்சி 135ஆம் ஆண்டு பேத்தார் என்னும் அரணில் இரத்த வெள்ளத்தில் முடிந்தது. மாண்டவர்களின் உடல்களைப் புதைக்கவும் முடியவில்லை என்று மரபு கூறுகிறது. பின்னொரு நாளில் அவர்களை அடக்கம் செய்ய இசைவு கிடைத்தது. அந்த நாளில், யாவ்னே என்னும் ஊரில் கூடியிருந்த அறிஞர்கள், 'நல்லவர், நன்மை செய்பவர்' என்று இறைவனைப் போற்றும் நான்காவது பகுதியை உணவுச் செபத்தோடு சேர்த்தார்கள். உடல்கள் அழியாமல் இருந்ததற்காக 'நல்லவர்'. அவை அடக்கம் பெற்றதற்காக 'நன்மை செய்பவர்' என்பது தல்மூது தரும் விளக்கம்.

தோல்வியை வெற்றியாக்கிப் பாடவில்லை அவர்கள். இழப்பை மறைக்கவுமில்லை. புதைக்க முடிந்தது என்ற ஒன்றுக்காக மட்டும் நன்றி கூறினார்கள். அந்த நன்றியை ஆலயத்தின் கல்வெட்டில் பொறிக்காமல் நாள்தோறும் உண்ணும் மேசையில் வைத்தார்கள். 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் நம்மிடையே எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒன்றுக்காகவும் நன்றி சொல்ல இயலாமல் வாழ்கின்றன. ஆண்டுதோறும் மே மாதத்தில் நாம் பகிரும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் மேசையில் வைக்கப்பட்ட நினைவுதான். அதை உண்டபின் நாம் என்ன செபம் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வேறுபாடுகளுக்கு வருவோம். போற்றுரைகளின் பொருளும் வரிசையும் மரபினால் நிலைபெற்றன. சொற்கள் நெடுங்காலம் நெகிழ்ந்தே இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் அறிஞர் அம்ராம், ஸ்பானிய யூதர் கேட்டதற்கிணங்க ஒரு முழுச் செபவரிசையை எழுதி அனுப்பினார். பத்தாம் நூற்றாண்டில் சாதியா என்னும் அறிஞர், மக்கள் அரபு பேசியதால், எபிரேயச் செபங்களுக்கு அரபு மொழியில் விளக்கம் எழுதி நூலாக்கினார். 1896–97ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் அறிஞர் சொலமன் ஷெக்டர் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்திலிருந்து பெருந்திரளான பழைய ஏட்டுத் துண்டுகளை எடுத்துச் சென்றார். அங்கே கிடைத்த துண்டுகளில் உணவுக்குப் பின்னான நன்றிச்செபமும் பல வடிவங்களில் காணப்படுகிறது. சில எதுகையோடு கூடிய செய்யுள்களாகவும் உள்ளன. ஒரே நகரில் வாழ்ந்தோர்கூட ஒரே சொற்களைச் சொல்லவில்லை.

இன்றைய ஏடுகளிலும் அவ்வேறுபாடுகளைக் காணலாம். எருசலேமைக் கட்டியெழுப்புபவர் என்று முடியும் மூன்றாம் போற்றுரையில், ஐரோப்பிய வழக்கின் ஏடுகளில் பெரும்பாலும் 'தம் இரக்கத்தினால்' என்னும் ஒரு சொல் கூடுதலாக இருக்கும். ஸ்பானிய மரபில் வந்தோரின் ஏடுகளில் அது இராது. விருந்தினர் தமக்கு உணவளித்த வீட்டாருக்காகச் சொல்லும் பழைய ஆசி, ஸ்பானிய மரபினரிடம் நீளமாக நிலைத்தது, ஐரோப்பியரிடம் சுருங்கியது. இறுதியில் வரும் இரக்க மன்றாட்டுகள் இன்னும் மாறுபடும். இஸ்ரயேல் நாட்டிற்கான மன்றாட்டு சில ஏடுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. பெற்றோருக்காகவும், துன்புறும் உடன்பிறப்புகளுக்காகவும், வாழும் நாட்டின் ஆட்சியாளருக்காகவும் சேர்த்தவர்களும் உண்டு.

ஒரே ஓர் எழுத்தின் வேறுபாடும் வழக்கமாகிவிட்டது. செபத்தின் முடிவில் தாவீதின் ஒரு வரி வருகிறது. அது திருப்பாடல் 18இன் இறுதியில் ஒரு விதமாகவும், சாமுவேல் இரண்டாம் நூல் 22ஆம் அதிகாரத்தின் இறுதியில் சிறு மாற்றத்தோடும் எழுதப்பட்டுள்ளது. திருப்பாடலின் சொல்லைக் கிழமைநாளிலும், சாமுவேல் நூலின் சொல்லை ஓய்வுநாளிலும் சொல்வது இன்றைய வழக்கம். இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பழைய ஏட்டின் ஓரத்தில் யாரோ 'சாமுவேல் நூலில் இப்படி' என்று ஈரெழுத்துச் சுருக்கத்தில் குறித்துவைக்க, பின்னர் அச்சிட்டவர்கள் அதே ஈரெழுத்தை 'ஓய்வுநாளில் இப்படி' என்று வாசித்துவிட்டார்களாம். அது உண்மையானால், ஓர் ஓரக்குறிப்பு இன்று எத்தனையோ வீடுகளில் ஓய்வுநாளின் அடையாளமாகிவிட்டது.

இன்னொரு வரி மனச்சான்றின் காரணமாக வேறுபட்டது. நேர்மையாளர் கைவிடப்பட்டதையும் அவர்தம் பிள்ளைகள் உணவுக்கு இரந்ததையும் தாம் கண்டதில்லை என்று திருப்பாடல் 37இல் வரும் வசனம் பல ஏடுகளின் முடிவில் உள்ளது. மேசையில் ஏழை விருந்தினர் ஒருவர் இருந்தால் அவர் மனம் நோகுமே என்று சிலர் அதைத் தாழ்ந்த குரலில் சொல்வர். சிலர் சொல்லாமலே விடுவர். வன்னியில் பொருள் தடையின் காலத்தில் பிள்ளைகளின் பசியைக் கண்டவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். இறைவார்த்தையை மறுக்காமலும், துன்புற்றவரைக் குத்தாமலும், குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அந்தப் பண்பு நாம் கற்கவேண்டிய ஒன்று.

இந்த ஏடுகளின் வரலாறும் நீண்டது. 1514ஆம் ஆண்டிலேயே பிராகா நகரில், ஓய்வுநாள் மேசைப் பாடல்களும் உணவுக்குப் பின்னான செபமும் அடங்கிய எபிரேய நூல் ஒன்று அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் நடு ஐரோப்பாவின் செல்வர்கள், மணப்பெண்ணுக்குப் பரிசாக அளிக்க, வண்ணப் படங்களோடு இச்செபத்தைக் கையால் எழுதுவித்தனர். 1728இல் எழுதப்பட்ட அத்தகைய ஏடு ஒன்று கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் உள்ளது. இன்றைய திருமண ஏடுகள் அந்தப் பரிசுகளை நமக்கு நினைவூட்டுகின்றன. அன்றும் இன்றும் ஒரு புதிய வீடு தொடங்கும்போது அதன் மேசைக்கு ஒரு செபமும் உடன் செல்கிறது.

நமக்கு அருகிலிருந்த யூதரும் இதில் பங்காளிகளே. கொச்சி யூதர் தம் வழிபாட்டு முறையைக் கொடுங்கல்லூரின் பழம்பெயரால் 'ஷிங்லி' வழக்கம் என்றனர். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து யூதர் சிலர் அவர்களைத் தேடி வந்தபின் இரு ஊர்களுக்கும் தொடர்பு வலுத்தது. 1757இல் ஷிங்லி வழக்கப்படியான செபநூல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. ஆண்கள் எபிரேயத்தில் செபிக்க, கொச்சிப் பெண்கள் மலையாளத்தில் பாடல்கள் பாடினர். அவற்றைத் தம் கையேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறைக்குத் தலைமுறை கொடுத்தனர். 1950களில் அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கையேடுகளும் உடன் சென்றன. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேல் மக்கள், அவலோடு தேங்காயும் சர்க்கரையும் கலந்து, பழங்கள் சூழ வைத்து, எலியா இறைவாக்கினரை நினைந்து 'மலீதா' என்னும் படையலை உண்பர். அவர்கள் போற்றுரை சொல்வது எபிரேயத்தில். 1874இல் புனேயில் அவர்களுக்கென அச்சான பாஸ்கா உணவு நூலில் எபிரேயமும் மராத்தியும் சேர்ந்துள்ளன. அதன் படத்தில் புளியாத அப்பம் செய்யும் பெண்கள் சேலை உடுத்தியிருக்கின்றனர். உண்டபின் சொல்லும் நன்றிச்செபம் பாஸ்கா நூலின் ஒரு பகுதியே. ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் சிலர், தம்மைத் துரத்திய நாட்டின் மொழியிலேயே உணவுக்குப் பின் ஒரு நன்றிப்பாடலை இன்றும் பாடுகின்றனர்.

மொழி பற்றிய நம் கேள்விக்கு அவர்களின் பழைய சட்டமே விடை தருகிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, எம்மொழியிலும் சொல்லத்தக்க செபங்களின் பட்டியலில் உணவுக்குப் பின்னான செபத்தையும் சேர்க்கிறது. தல்மூது, பென்யமின் என்னும் இடையர் ஒருவரின் கதையைச் சொல்கிறது. அவர் எபிரேயச் செபம் எதையும் சொல்லாமல், தாம் பேசிய அரமேயத்தில், இந்த அப்பத்தின் தலைவர் போற்றப்படட்டும் என்று மட்டும் சொன்னார். முதல் போற்றுரையின் கடமை அதனால் நிறைவேறியது என்றே பேரறிஞர் ரவ் தீர்ப்பளித்தார். கூலி வேலையில் இருப்போருக்கும் அந்நூல் வழி செய்தது: அவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் முதலாளி அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டால் முழுச் செபத்தையும் சொல்லவேண்டும். மூவர் சேர்ந்து உண்டால், தனித்தனியே முணுமுணுக்காமல் ஒருவர் மற்றவரைச் செபிக்க அழைக்கவேண்டும் என்பதும் சட்டம். அந்தச் சட்டங்கள் களைத்தவருக்கு இரங்கின; சேர்ந்து உண்பதை மதித்தன.

இவை அயலாரின் வழக்கங்கள் மட்டுமே என்று எண்ணவேண்டாம். நம் ஆண்டவர் அப்பத்தை எடுத்துப் போற்றிப் பிட்டதும் ஒரு யூத மேசையிலேதான். 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுக்கப்பட்ட 'திதாக்கே' என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல், உண்டு நிறைவுற்றபின் சொல்லும் நன்றிச்செபம் ஒன்றைத் தருகிறது. யூதரின் செபத்தில் எருசலேமுக்கான மன்றாட்டு வரும் இடத்தில், திருச்சபையை நான்கு திசைகளிலிருந்தும் ஒன்றுசேர்க்குமாறு வேண்டுகிறது அது. 1969இல் புதுப்பிக்கப்பட்ட திருப்பலி முறையில், அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கையில் குரு சொல்லும் செபமும் யூதப் போற்றுரையின் அமைப்பிலேயே உள்ளது. அங்கும் போற்றப்படுவது உணவன்று, உணவைத் தந்தவரே.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. தமிழில் அச்சான முதல் நூல், 1554இல் லிஸ்பனில் வெளிவந்த ஒரு சிறு மறைக்கல்விச் செபநூல். அதில் தமிழ்ச் சொற்கள் அனைத்தும் உரோமை எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தன. 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்தது. தமிழ்ச் செபத்தை அயல் எழுத்தில் அச்சிடுவது தமிழுக்கு இழிவு என்று வருந்துவோருக்கு இதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்: நம் அச்சு வரலாறே அப்படித்தான் தொடங்கியது, அதன்பின் இருபத்துநான்கு ஆண்டுகளில் தமிழ் எழுத்தை வந்தடைந்தது. ஆங்கில எழுத்தில் தொடங்கும் பிள்ளையும் அவ்வாறே வந்தடையலாம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் நம் முன்னோரின் கோவில்கள் பறிபோயின, குருக்கள் தடைசெய்யப்பட்டனர். 1687இல் புனித யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வெளிப்படையான குருப்பணி இல்லாதிருந்தும் சில்லாலை போன்ற ஊர்களில் விசுவாசம் உயிரோடிருந்தது. அதைக் காத்தவை வீடுகள். வீட்டில் சொல்லப்பட்ட செபங்கள். கோவில் இல்லாத காலத்தில் மேசை தாங்கியது என்பதை யூதர் மட்டும் அறிந்திருக்கவில்லை. நம் மூதாதையரும் அறிந்திருந்தனர்.

ஆகவே என் மறுமொழி இது. ஏடு வரும். ஒரே செபம் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் அருகருகே இருக்கும். பணிக்கு ஓடுவோருக்கென ஒரு வரிச் செபமும் இருக்கும். உண்ணுமுன் நாம் வழக்கமாகச் சொல்வது இருக்கட்டும். உண்டபின் சொல்வதற்கும் ஒரு நன்றிச்செபம் சேரும். அதில் உணவுக்கும், விட்டுவந்த நிலத்துக்கும், நம்மை ஏற்றுக்கொண்ட இந்த நாட்டுக்கும் நன்றி இருக்கும். அடக்கம் பெற்றோரும் அடக்கம் பெறாதோருமாகிய நம் இறந்தோருக்காக ஒரு மன்றாட்டு இருக்கும். ஒரு பக்கம் வெறுமையாக விடப்படும். அதில் உங்கள் வீட்டாரின் பெயர்களை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

அதற்கு முன் உங்களிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ உணவு வேளையில் சொன்ன செபத்தை நினைவிலிருந்து எழுதித் தாருங்கள். எந்த ஊரில் சொன்னது என்பதையும் எழுதுங்கள். பேசாலையில் சொன்னதும் பாசையூரில் சொன்னதும் தூத்துக்குடியில் சொன்னதும் வேறுபடலாம். எது சரி என்று நான் திருத்தப்போவதில்லை; கிடைத்தவை அனைத்தையும் ஊர்ப் பெயரோடு ஏட்டின் பின்பகுதியில் அச்சிடுவோம். எழுத இயலாத முதியோரிடம் பேரப்பிள்ளைகள் அமர்ந்து கேட்டு எழுதட்டும், ஆங்கில எழுத்திலாவது. இந்த மாதம் முழுவதும், ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் தரலாம்.

உலகுக்கெல்லாம் உணவளிக்கும் இறைவன் உங்கள் வீடுகளையும் மேசைகளையும், இன்று அம்மேசைகளில் இல்லாதவர்களையும் தம் கையில் வைத்துக் காப்பாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பங்குத்தந்தை